நீல டிரம்மில் ஏழு மீன்

போன வாரம் என் வீட்டுக்காரி ஒரு நீல டிரம் வாங்கிப் போட்டாள். விருதுநகரில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வருவது வாரத்துக்கு ஒரு தரமோ இரண்டு தரமோ. வருகிற அன்றைக்குக் குடம், அண்டா, வாளி, கடைசியில் சாம்பார்ச் சட்டி வரைக்கும் நிரப்பி வைத்தால்தான் அடுத்த முறை வரை காலம் தள்ள முடியும். பழைய டிரம் விற்கிற வண்டி தெருவில் வந்திருக்கிறது. இவளும் பேரம் பேசி ஒன்றை இறக்கிவிட்டாள். நான் மத்தியானத் தூக்கத்தில் இருந்தேன். எழுந்து கொல்லைப் பக்கம் முகம் கழுவப் போனவன், அதைப் பார்த்ததும் முகம் கழுவாமலே நின்றுவிட்டேன்.

இடுப்பு உயரம், இரண்டு பக்கமும் கைப்பிடி, கறுப்பு மூடி. மூடியைத் திறந்து மூக்கை உள்ளே விட்டேன். சோப்பு வாடைக்கு அடியில் லேசாக ஒரு கசப்பு இருந்தது.

"இதுல முன்னாடி என்ன இருந்துச்சுன்னு கேட்டியா?"

"ஊறுகா கம்பெனி டிரம்முன்னான். ரெண்டு வாட்டி சோப்புப் போட்டுத் தேச்சுக் களுவிட்டேன். எது வாங்குனாலும் ஒங்களுக்கு ஒரு நொட்டை சொல்லணும்."

ஊறுகாய் டிரம்மாகவே இருக்கலாம். என் மூக்கு இருபது வருஷத்துக்கு மேல் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்த மூக்கு. அதற்கு மல்லிகைப்பூவிலும் வெடிமருந்து வாடைதான் அடிக்கும். நான் முகம் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். மறுநாள் சுகாதாரத்துக்காரப் பெண் ஒருத்தி வந்தாள். டிரம் நிறையத் தண்ணீரைப் பார்த்ததும், கொசுப்புழுவைத் தின்னும் என்று சொல்லி, பிளாஸ்டிக் பையிலிருந்து நகக்கண் அளவுப் பொடி மீன்களை அதில் கொட்டிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து எனக்குப் பிடித்தது சனி. காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்னால் போய் மூடியைத் திறந்து மீன்களை எண்ணுகிறேன். ஒரு இடத்தில் நின்றால் அல்லவா எண்ணுவதற்கு? ஆறு என்பேன், ஏழு என்பேன், மறுபடியும் முதலிலிருந்து. "கோளி அடைக்கிறவ கூட இம்புட்டுத் தடவ எண்ண மாட்டா" என்று வீட்டுக்காரி சிரிக்கிறாள். ஏன் எண்ணுகிறேன் என்று அவளுக்குச் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் நீல டிரம் இல்லாத வீடு கிடையாது. கம்பெனிகள் கழித்துப் போடுகிற டிரம் ஊருக்குள் வந்து, கல்யாண வீட்டில் குடிதண்ணீர் டிரம்மாகும். பாதியாக அறுத்தால் மாட்டுக்குக் கழுநீர்த் தொட்டியாகும். உள்ளே முன்பு என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. கழுவினால் சரி என்பது எங்கள் நம்பிக்கை. கழுவினால் போகாதது உலகத்தில் உண்டு என்பதை நான் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு கம்பெனியில் நான் போர்மேனாக இருந்தேன். சொந்த ஊர் தாயில்பட்டி. கம்பெனி என்றால் பெரிய கட்டடமாக நினைத்துக்கொள்ளாதீர்கள். கரிசல் காட்டு நடுவில் தள்ளித் தள்ளி ஒற்றை ஒற்றை அறைகள், இடையிடையே வேப்பமரம், ஒவ்வொரு அறை வாசலிலும் தண்ணீர்த் தொட்டி. ஒவ்வொரு அறைச் சுவரிலும் சிவப்புப் பெயிண்டில் 'ஆட்கள் 4' என்று எழுதியிருக்கும். ஒரு அறைக்குள் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்ளத்தான் போர்மேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை; சீசன் உச்சத்தில் இருந்தது. வடக்கே போகிற லாரி வந்து கேட்டில் நிற்கிறது, லோடு ரெடியாகவில்லை. நான் சிடுசிடுப்புக்காரன்; அவசரம் வந்தால் எனக்குக் கண்மண் தெரியாது. வேப்பமரத்தடியில் டீக்கிளாஸோடு நின்ற முருகேசனையும் இன்னும் இரண்டு பேரையும் பார்த்துச் சத்தம் போட்டேன். "ஏலே, அந்த ரூமுக்குப் போய் ஒரு கை குடுங்கலே, லாரி நிக்குதுல்ல!" உள்ளே ஏற்கெனவே நாலு பேர். முருகேசன் மிச்ச டீயைக் கீழே ஊற்றிவிட்டுப் போனான். நான் ஆபீஸ் வாசல்படியில் கால் வைப்பதற்குள் சத்தம் கேட்டது.

ஏழு பேரும் போய்விட்டார்கள். தீ எப்படிப் பிடித்தது என்று இன்றைக்கு வரை ஒருவருக்கும் தெரியாது. உராய்வு என்றார்கள், வெயில் என்றார்கள். அது என்னவாகவும் இருக்கட்டும். நாலு பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஏழு பேர் இருந்தது எப்படி என்பது எனக்குத் தெரியும்.

விசாரணையில் நான் சொன்னது வேறு. கம்பெனி வக்கீல் சொல்லிக் கொடுத்தார், நான் ஒப்பித்தேன். "நாலு பேரைத்தான் சார் உள்ள வச்சிருந்தேன். மத்த மூணு பேரும் தானாப் போயிருக்காங்க." அதில் கையெழுத்தும் போட்டேன். என்னைக் கொஞ்ச நாள் உள்ளே வைத்தார்கள், ஜாமீனில் வந்தேன். முருகேசன் காகிதத்தில் உத்தரவில்லாமல் உள்ளே போனவனாகிவிட்டான். அவன் பெண்டாட்டி பேச்சியம்மாளிடம் ஊரில் கேட்கிறவர்களெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "ஒன் புருசனுக்கு அங்கன என்ன சோலி?"

பதில் தெரிந்திருக்கக்கூடியவன் என்னைத் தவிர இன்னொருவன் இருந்தான், அவளுடைய அண்ணன் செல்லச்சாமி. அதே கம்பெனியில் மருந்து கலக்குகிற வேலை. எனக்குச் சோட்டாள், ஒரே வயது; சின்ன வயதிலிருந்தே என்னை மாப்ள என்றுதான் கூப்பிடுவான். நான் முருகேசனைக் கூப்பிட்டபோது பத்தடி தள்ளித் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தான். அவன் காதில் விழுந்ததா இல்லையா என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. அவன் எதிரே வந்தால் நான் வேறு தெருவில் திரும்பிவிடுவேன்.

கம்பெனிக்குச் சீல் வைத்துவிட்டார்கள். பெரிய முதலாளி படுத்த படுக்கையாக இருந்தார். மகன்தான் எல்லாம், சின்ன முதலாளி என்போம். நல்ல மனிதர், ஆனால் ஆர்டர் பிடிப்பது தவிர கம்பெனியில் எதுவும் தெரியாது. அவருடைய அம்மாவுக்கு அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு தூக்கம் போய்விட்டது. வீட்டில் கவிச்சி சமைப்பதை நிறுத்தினார்கள். பிறகு ராத்திரிச் சோற்றையும் நிறுத்தினார்கள். கோயில் கோயிலாகப் போயும் மனசு அடங்காமல் கடைசியில் ஒரு சோசியரிடம் போனார்கள். அவர் சொன்ன பரிகாரம் இது: போன ஏழு உயிருக்கு ஏழு உயிரை விட வேண்டும். வைப்பாறு கடலில் கலக்கிற இடத்தில், உயிருள்ள ஏழு மீன். காசு கொடுத்து வாங்கக் கூடாது. கம்பெனிக் கையே பிடித்து, கம்பெனிக் கையே விட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மேல், பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் தொடங்குவதற்குள், ஏழையும் ஒன்றாக விட வேண்டும்.

நீங்கள் சிரிக்கலாம். நான் சிரிக்கவில்லை. இப்படி ஒரு வழி இருக்கிறது என்று கேட்டதும் அந்த அம்மாவைவிட எனக்குத்தான் அது அதிகமாகத் தேவைப்பட்டது. ஏழில் மூன்று என்னுடையதாயிற்றே.

கம்பெனியில் மீன் பிடிக்கத் தெரிந்த ஒரே கை செல்லச்சாமியுடையது. வெம்பக்கோட்டை அணையில் ஞாயிறு தவறாமல் தூண்டில் போடுகிறவன். எப்போதாவது தூத்துக்குடிப் பக்கம் போனால் கடலிலும் போடுவான். சின்ன முதலாளிக்காக நான்தான் போய்க் கேட்டேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்டேன் என்று இப்போது நினைத்தால் கூசுகிறது. அவன் சைக்கிள் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தான். நிமிராமலே "ரெண்டு நாளு பொறு" என்றான். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தான்.

"வாரேன் மாப்ள. தங்கச்சி போகச் சொல்லுது. ஆனா ஒண்ணு. முருகேசனுக்குள்ளத நாந்தான் விடுவேன். அது பொளச்சு நீந்திப் போறத என் கண்ணால பாத்துட்டு வந்து அவகிட்டச் சொல்லணும். செத்ததக் கொண்டு போய்க் கடல்ல கொட்டிட்டு விட்டுட்டம்னு சொல்ல மாட்டேன்."

"எல்லாம் உசுரோடதான் விடப் போறோம்" என்றேன்.

"புடிக்கிறது லேசு மாப்ள. விடுறதுதான் வேல" என்றான்.

மாசி மாதம் ஒரு ஞாயிறு, விடியும்போது சின்ன முதலாளி, செல்லச்சாமி, நான் மூன்று பேரும் கம்பெனி வேனில் முகத்துவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். எங்கள் வெம்பக்கோட்டைத் தண்ணீர் போய்ச் சேருகிற இடம் அதுதான். மணல் திட்டு, ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் கடல். சின்ன முதலாளி தூத்துக்குடியில் இரண்டு தூண்டில் ராடு, ரீல், நீளப் பிடி வைத்த நைலான் வலை எல்லாம் வாங்கி வந்திருந்தார். நான் என் பங்குக்கு ஒரு நீல டிரம் கொண்டு வந்திருந்தேன். கம்பெனி வேலியோரம் கவிழ்த்துக் கிடந்தது. புளி போட்டுத் தேய்த்து மூன்று தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தேன். பதினோரு மணி வரைக்கும் மீன்களை வைத்திருக்க ஒரு பாத்திரம் வேண்டுமே.

செல்லச்சாமி முதலில் தூண்டில் முள்ளையெல்லாம் வாங்கினான். முள் நுனிக்குக் கொஞ்சம் கீழே, மீன் கழன்றுவிடாமல் இருக்க ஒரு சின்னச் செதுக்கு எதிர்ப்பக்கமாக நிற்கும் அல்லவா, அதைப் பிளேயரால் நசுக்கி மட்டமாக்கினான். "இது நின்னா களட்டும்போது வாயக் கிளிச்சிரும்" என்றான். பிறகு வலையை எடுத்து விரலால் தடவிப் பார்த்து, "முடிச்சு முடிச்சா இருக்கு மொதலாளி, செவுளையும் செட்டையையும் அறுத்துரும், இது ஆகாது" என்று ஓரமாக வைத்துவிட்டான். சின்ன முதலாளிக்கு முகம் சுருங்கியது. அவர் போனில் வெளிநாட்டுக்காரர்கள் மீன் விடுகிற வீடியோவாகப் பார்த்துத் தயாராகி வந்தவர்.

முதல் மீன் அவருக்குத்தான் விழுந்தது. உள்ளங்கை நீளத்துக்கு ஒரு பாறை மீன். ஆள் குதித்தார். குதித்தபடியே பின்னால் நடந்து அதைத் தண்ணீரிலிருந்து மணலுக்கு இழுத்தார்.

"இளுக்காதீக! மொதலாளி, தரையில போட்டு இளுக்காதீக!" செல்லச்சாமி அலறிக்கொண்டு ஓடினான். அந்த அலறலை நான் கம்பெனியில் கேட்டிருக்கிறேன். மருந்துப் பெட்டியைத் தரையோடு யாராவது தள்ளினால் அப்படித்தான் கத்துவான். எங்கள் வேலையில் எதையும் இழுக்கக் கூடாது. தூக்கி வைக்க வேண்டும். தன் கம்பெனியில் கற்காத பாடத்தைச் சின்ன முதலாளி கடற்கரையில் கற்றுக்கொண்டார்.

மீன் உடம்பெல்லாம் மணல் அப்பியிருந்தது. சின்ன முதலாளி துண்டால் பிடிக்கப் போனார். அதையும் செல்லச்சாமி தடுத்தான். கையை முழங்கை வரை கடல் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, அடிவயிற்றுக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கினான். "மேல வளவளன்னு இருக்குல்ல, அதுதான் அதுக்குச் சட்டை. காஞ்ச கை பட்டாக் களண்டுரும். அப்புறம் நீந்திப் போனாலும் ரெண்டு நாள்ல புண்ணு வச்சுச் செத்துரும்." முள்ளைத் திருப்பி ஒரே அசைவில் எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"மாப்ள, இப்பமே விட்ருவமா?"

"சோசியர் ஏளையும் ஒண்ணா விடச் சொல்லிருக்காரு செல்லச்சாமி" என்றார் சின்ன முதலாளி.

"டிரம்முல போடு" என்றேன் நான்.

அவன் டிரம்மைப் பார்த்தான். "எங்க உள்ளது?"

"களுவிருக்குல. போடு."

போட்டான். ஒன்று என்று எண்ணினேன்.

அடுத்தது ஒரு கிழங்கான். முள்ளை ஆழமாக விழுங்கியிருந்தது. சின்ன முதலாளி முள்ளைப் பிடுங்கப் பார்த்தார். செல்லச்சாமி தூண்டில் நரம்பை வாயோரமாக அறுத்துவிட்டான். "முள்ளு உள்ளயே இருக்கட்டும். துருப்பிடிச்சுத் தானா உதுந்துரும். புடுங்குனாக் கொடலுதான் வரும்." அதுவும் டிரம்முக்குப் போனது. எட்டு மணிக்குள் ஐந்து சேர்ந்துவிட்டது. வெயில் ஏறியது. நான் ஈரச் சாக்கை மேலே போட்டேன். இரண்டு தடவை பாதித் தண்ணீரை மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் செல்லச்சாமி எட்டிப் பார்த்துவிட்டு, "நெருக்கமாக் கெடக்கு மாப்ள. தண்ணிக்குள்ள இருந்தாலும் அதுக்கும் மூச்சு முட்டும்" என்றான்.

"இன்னும் ரெண்டு மணி நேரந்தானல. அதுக்குள்ள என்ன ஆயிரப் போகுது?"

சொல்லிவிட்டேன். அவசரக்காரன் வாயில் அந்த வார்த்தைதான் எப்போதும் தயாராக இருக்கும்.

ஆறாவதாக இன்னொரு கிழங்கான் வந்தது. அதற்குப் பிறகு செல்லச்சாமியின் தூண்டில் வளைந்த வளைப்பில் மூன்று பேரும் எழுந்து நின்றோம். அவன் அவசரப்படவில்லை. நரம்பை விட்டும் வாங்கியும் வேட்டியோடு இடுப்பளவுத் தண்ணீருக்குள் இறங்கிப் போனான். ஒரு முழத்துக்கு மேல் நீளம், வெள்ளி மினுக்கத்தோடு ஒரு கொடுவா. அதைத் தண்ணீரை விட்டு அவன் வெளியே எடுக்கவே இல்லை. ராடைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றினான். ஒரு கை வால் பக்கம், ஒரு கை வயிற்றுக்குக் கீழே. அலை வருகிற திசைக்கு அதன் தலையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றான். நாலைந்து அலை போனது. அவன் உதடு அசைந்தது. மீன் ஒரு உதறு உதறியது. அவன் கையை எடுத்தான். தண்ணீருக்குள் அது போகிற கோடு கொஞ்ச தூரம் தெரிந்தது.

"ஏலே! விட்டுட்டியா? ஒண்ணு கொறையுதுல!" என்று கரையிலிருந்து கத்தினேன். அவன் திரும்பவில்லை. தண்ணீரிலேயே நின்றான். தோள் குலுங்கியது. நான் பார்க்காதது மாதிரி குனிந்து, என் தூண்டிலுக்கு இறால் மாட்டினேன். ஏழாவதை நான்தான் பிடித்தேன். அது ஒரு கெளுத்தி. செட்டை முள் குத்தி என் கட்டைவிரலில் ரத்தம் வந்தது. டிரம்மில் போட்டு ஏழு என்று எண்ணினேன்.

பதினொன்று அடித்ததும் சின்ன முதலாளி சூடம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, கடலைப் பார்த்துக் கும்பிட்டார். நான் சாக்கை எடுத்தேன்.

ஆறு மீன்களும் வயிற்றைக் காட்டி மிதந்தன. கெளுத்தி மட்டும் அடியில் கிடந்து மீசையை அசைத்துக்கொண்டிருந்தது.

சின்ன முதலாளி அந்தப் பாறை மீனைக் கையில் ஏந்திக்கொண்டு அலைக்குள் ஓடினார். முழங்காலிட்டு, செல்லச்சாமி செய்தது போலவே அலைக்கு நேராகத் தலையைத் திருப்பிப் பிடித்தார். விட்டார், புரண்டது. எடுத்தார், பிடித்தார், விட்டார், புரண்டது. ஒவ்வொன்றாக ஆறையும் அப்படிப் பார்த்தார். விலை உயர்ந்த பேண்ட் இடுப்பு வரை நனைந்திருந்தது. "போயிரு, போயிரு" என்று மீனிடம் கெஞ்சினார். பணக்காரர் அழுது நான் அன்றுதான் பார்த்தேன். எனக்கு அழுகை வரவில்லை. டிரம்மை எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

கடைசியில் கெளுத்தியை விட்டோம். அது வாலை அடித்துக்கொண்டு போய்விட்டது.

பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவருடைய அம்மா போனில் கூப்பிட்டார்கள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேசினார். "போச்சும்மா. ஏளும் போச்சு. நல்லா நீந்திப் போச்சும்மா. நீங்க இன்னைக்கு ராத்திரி சாப்பிடணும்." பிறகு போனை என்னிடம் நீட்டினார். "போர்மேன் அண்ணாச்சியும் பாத்தாரு, கேளுங்க."

"ஆமாங்கம்மா, பாத்தேன்" என்றேன். கையெழுத்து மட்டும்தான் போடவில்லை.

ஆறு மீன்களும் மணலில் கிடந்தன. மட்டிச் சிப்பி பொறுக்க வந்த அம்மா ஒருத்தி கூடையோடு நின்று பார்த்தாள். "ஏன்யா, நல்ல மீனால்ல இருக்கு? காக்காய்க்கா போடப் போறீக? நான் கொளம்புக்கு எடுத்துக்கிடவா?" என்று குனிந்தாள்.

"வேணாம் தாயி!" என்று நான் பாய்ந்து போய்த் தடுத்தேன். "எடுத்துராத. அது மருந்து இருந்த டிரம்மு. தின்னா வயித்துக்கு ஆகாது."

அவள் கையை உதறிக்கொண்டு போய்விட்டாள். திரும்பினால் செல்லச்சாமி நிற்கிறான். வேட்டி நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கோபமில்லை அவன் முகத்தில். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"தெரிஞ்சுதான் போட்டிருக்க, என்ன?"

நான் குனிந்து ஈரச் சாக்கைச் சுருட்டினேன்.

"நாலு பேரத்தான் அனுப்புனேன், மூணு பேரு தானாப் போனான்னு எளுதிக் குடுத்தியே போர்மேன். இந்த ஏளும் தானாப் போயா டிரம்முல விளுந்துச்சு?"

மாப்ள என்று கூப்பிடவில்லை, கவனித்தீர்களா? நான் கவனித்தேன். சின்ன முதலாளி தள்ளி நின்றார். அவர் காதில் விழுந்ததா என்று தெரியாது. செல்லச்சாமி கையாலேயே மணலில் குழி தோண்டி ஆறு மீன்களையும் புதைத்தான். நான் உதவிக்குக் குனிந்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினான். டிரம்மை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். யாராவது எடுத்துப்போய்க் கழுவித் தண்ணீர் பிடித்திருப்பார்கள் என்ற பயம் எனக்கு இன்னும் இருக்கிறது.

மருந்து கொன்றதா, வெயிலா, நெருக்கமா? தெரியாது என்று எழுதிக்கொள்ளலாம். அப்படித்தான் எழுதிக்கொள்வோம்.

அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசவில்லை. விசாரணையிலும் எனக்கு எதிராக ஒரு வார்த்தை சொல்லவில்லை. குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டான். கம்பெனி கைமாறியது, பெயர் மாறியது, பிறகு அதுவும் மூடிவிட்டது. சின்ன முதலாளி இப்போது சென்னையில் வேறு ஏதோ தொழில் செய்வதாகக் கேள்வி. அந்த அறைகள் இருந்த இடத்தில் சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. சுவரை இடித்துக் கல்லைக் கொண்டுபோய்விட்டார்கள். வழக்கு மட்டும் உயிரோடு இருக்கிறது; வாய்தாவுக்கு வாய்தா நானும் போய்வருகிறேன்.

முந்தின வருஷம் செல்லச்சாமி செத்துப்போனான். நெஞ்சுவலி என்றார்கள். தாயில்பட்டிக்குத்தான் கொண்டு வந்திருந்தார்கள். மாலையைப் போட்டுவிட்டு ஓரமாக நின்றேன். பேச்சியம்மாள் என்னைக் கண்டு எழுந்து வந்தாள். அழுது ஓய்ந்த குரல்.

"அண்ணே, அன்னைக்குக் கடல்ல ஒண்ணு நல்லபடியா நீந்திப் போச்சாம்ல. அண்ணன் எங்கிட்டச் சொல்லிருக்கு. நீங்களும் பாத்தீகளா?"

"பாத்தேன் தாயி. நல்லாப் போச்சு. கோடு போட்ட மாதிரி போச்சு."

அந்த விவகாரத்தில் நான் சொன்ன ஒரே உண்மைச் சாட்சி அதுதான். அவள் தலையை ஆட்டினாள். போகாமல் நின்றாள். "அவரு ஏன் உள்ள போனாருன்னு மட்டும் இன்ன வரைக்கும் எனக்குத் தெரியலண்ணே" என்றாள். யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். கூப்பிடாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன் என்று உங்களிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. கொடுத்த காபியைக் குடித்துவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டேன். நான் முருகேசனைக் கூப்பிட்ட சத்தத்தைக் கேட்ட காது இப்போது என்னுடையது ஒன்றுதான். மாப்ள என்று கூப்பிட ஊரில் வேறு ஆளும் இல்லை.

இன்று காலையில் டிரம் மூடியைத் திறந்தேன். கையை முழங்கை வரை நனைத்துக்கொண்டு, பொடி மீன்களைத் தண்ணீரோடு தண்ணீராக உள்ளங்கையில் ஏந்தி, ஒவ்வொன்றாக மண்பானைக்கு மாற்றினேன். டிரம்மில் மிச்சம் நாலு. அதையும் மூன்று தரம் எண்ணிப் பார்த்தேன். வீட்டுக்காரி காபியோடு வந்து பின்னால் நின்றாள்.

"எதுக்கு இப்ப அதுகளப் பிரிக்கிறீக?"

"நாலுதான் இருக்கணும்."

"யாரு சொன்னா?"

"செவுத்துல எளுதியிருந்துச்சு" என்றேன்.

அவள் எங்கள் கொல்லைச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.